வரி கட்டும் வேலையில்லாதவன்

குடவாசல் பக்கத்து இளவழகன், எம்.காம்., அரசாங்கத்தால் முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட வேலையில்லாதவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்திருந்து, அதற்கான உதவித்தொகையும் பெற்றுவந்தான். பதிலுக்கு வருடம் ஒரு முறை நேரில் போய், தனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடமையில் அவன் ஒரு தடவையும் தவறியதில்லை. இத்தனை ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்களே அந்த வட்டாரத்தில் குறைவு.

எல்லாம் கெட்டது அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில். திருக்கடையூரில் சடங்கு, ஊர் முக்கில் ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் வைக்காமல் இப்போது யாருக்கும் அறுபது வயது முடிவதில்லை. முகத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே உத்தியோகம். தங்கைக்குச் செவிலியர், மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர். இளவழகனுக்குக் கீழே மட்டும் வெறும் நீல நிறம்.

"பொண்ணு பார்க்கிற நேரத்துல இப்படி மொட்டையா விடலாமா மச்சான்?" என்று அப்பாவைக் கேட்டார் தாய்மாமன் ராஜராஜன். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். பெண் வீட்டார் இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால் வருமான வரிக் கணக்கைத்தான் கேட்கிறார்கள் என்று விளக்கி, அன்றே மருமகனுக்கு ஒரு கணக்குத் தாக்கல் செய்தார். வருமானம், உதவித்தொகை. அதை எந்தத் தலைப்பில் காட்டுவது? சம்பளம் என்ற கட்டம்தான் பார்க்கக் கௌரவமாக இருந்தது. சம்பளம் கொடுப்பவர், வேலைவாய்ப்பு அலுவலகம். கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம். அதையும் பாக்கி வைக்காமல் கட்டினார்கள். ஃபிளெக்ஸில் கூலிங் கிளாஸ் அணிந்த இளவழகனுக்குக் கீழே 'வருமான வரி செலுத்துவோர், அரசுத் துறை' என்று ஏறியது.

வேலைவாய்ப்பு அலுவலர் விஜயலட்சுமியின் பஸ் தினமும் அந்த முக்கில்தான் திரும்பும்.

உறுதிமொழி கொடுக்கப் போனவனிடம் அவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

"இது நீங்கதானே தம்பி?"

"ஆமாங்க மேடம். வரிக் கணக்குல சம்பளம்னு காட்டினது நீங்க கொடுக்கிற உதவித்தொகையைத்தாங்க."

"நாங்க சம்பளம் கொடுத்தா நீங்க எங்க ஊழியர். ஊழியர் எப்படி வேலையில்லாதவரா இருக்க முடியும்?"

உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். அது போகட்டும். பதிவே ரத்தாகும் என்றபோதுதான் கெஞ்சத் தொடங்கினான். கல்லூரி முடித்த வாரமே செய்த பதிவு. அந்தப் பதிவு மூப்பு ஒன்றுதான் அவன் இத்தனை வருடத்தில் சேர்த்த சொத்து. அது போனால் இன்று பதிகிற பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

விஜயலட்சுமி கல்நெஞ்சக்காரர் அல்ல. வழியும் சொன்னார். இந்த அலுவலகத்திலிருந்து விடுவிப்பு ஆணை வாங்கிவிட்டால் அவன் மறுபடி வேலையில்லாதவன், மூப்பும் பிழைக்கும். ஆனால் பணியில் சேராதவரை விடுவிக்க விதியில்லை. ஆகவே உடனே சேர்ந்து மாலையில் விடுபடுவதென்று முடிவாயிற்று. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்தான்.

மாலையில் ஒரு சிறு சிக்கல். விடுவிக்க வேண்டுமானால் பொறுப்பை ஒப்படைக்க ஆள் வேண்டும்.

"யாருங்க வருவாங்க?"

"வர்றப்ப வருவாங்க. அதுவரைக்கும் நீங்க பாருங்க."

சம்பளம் பற்றிக் கேட்டான். நியமன ஆணை இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை, பணியில் இருப்பவருக்கு உதவித்தொகை இல்லை என்று இரண்டு விதிகளையும் அவர் பொறுமையாக விளக்கினார். ஊரில் அதற்குள் அவனுக்கு வேலை கிடைத்ததற்கு வாழ்த்து ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. ஜாதகங்கள் வரத் தொடங்கின.

பக்கத்து மேசையில் தலை நரைத்த ரெத்தினம் கோப்பு கட்டிக்கொண்டிருந்தார். எப்போது சேர்ந்தீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டான்.

"நானும் உறுதிமொழி கொடுக்க வந்தவன்தான் தம்பி. என் கல்யாணப் பத்திரிகையில பேருக்குக் கீழ உத்தியோகம் போட்டுட்டாங்க."

"அப்ப மேடம்?"

"அவங்க முகவரி மாத்த வந்தாங்க."

மறுநாள் இளவழகன் எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறந்தான். வெளியே வரிசை நின்றது. முதல் ஆளாக வந்த கயல்விழி என்ற பெண் உறுதிமொழியை நீட்டினாள். கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நேற்று விஜயலட்சுமிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது புரிந்தது.

எழுந்து தன் நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்கம்மா," என்றான் கனிவாக. "உங்க வீட்டுல சமீபத்துல விசேஷம் எதுவும் நடந்துச்சா? ஃபிளெக்ஸ் வெச்சீங்களா?"