ஜப்பானுக்குப் போன பனைமரம்

எனக்குப் பெரும் பணக்காரர்களைப் பார்த்துப் பொறாமை வந்ததில்லை. நடிகைகளைப் பார்த்தும் வந்ததில்லை. பொறாமை சோம்பேறித்தனமான உணர்வு. அது தூரப் பயணம் போகாது. ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே துணியில் தைத்த தீபாவளிச் சட்டை, இவ்வளவும் பொருந்துகிற ஓர் ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தால் அதற்குப் போதும். எனக்கு அந்த ஆள் அபிராமி. என் மாமாவின் மகள். என்னைவிட ஆறு வாரம் மூத்தவள். (அந்த ஆறு வாரத்தையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

நாங்கள் இருவரும் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வோபர்னில் வளர்ந்தவர்கள். நடன வகுப்பு, நீச்சல் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, எல்லாவற்றுக்கும் மாமாவின் வான் வண்டியில் ஒன்றாகப் போவோம். போகும்போது சமமாக இருப்போம். திரும்பி வரும்போது அவளிடம் முதல் பரிசு இருக்கும், என்னிடம் இரண்டாம் பரிசு இருக்கும். அதிலும் பேச்சுப் போட்டி என்பது எனக்கு ஆண்டுதோறும் வந்து போகும் காய்ச்சல். இந்த நகரத்தில் தமிழ்ப் பிள்ளையாக வளர்ந்த யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. பேச்சை அம்மா எழுதுவார். நாங்கள் பொருள் விளங்காமல் பாடமாக்குவோம். எந்த வரிக்கு எந்தக் கையைத் தூக்குவது என்பதும் பாடம். மேடையின் கீழே ஒருவர் மணியோடு இருப்பார். முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி முடிவு. ஒன்பது வயதில் எனக்கு வாய்த்த தலைப்பு 'பனைமரத்தின் பயன்கள்'. அதுவரை நான் நேரில் பார்த்த மரங்களில் பெரும்பாலானவை மேப்பிள். நான்காவது பயனுக்கு வந்தபோது மணி அடித்தது. நான்காவது பயன் என்னைவிட்டுப் போய்விட்டது. அபி முதல் பரிசு வாங்கினாள்.

வளர்ந்தபின் நான் மென்பொருள் பரிசோதகர் ஆனேன். மற்றவர்கள் செய்த வேலையில் பிழை பிடிப்பதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிறார்கள். சம்பளம் போடாவிட்டாலும் செய்திருப்பேன். அபி மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜப்பானைப் பற்றிப் படிக்கப் போனாள். மாமி ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. நான் மாமிக்கு ஆறுதல் சொன்னேன். வெளியே ஆறுதல், உள்ளே திருவிழா. ஒருவழியாக முதலிடம் காலியாகிவிட்டது அல்லவா?

அந்தத் திருவிழா சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பிறகு பெருந்தொற்று வந்தது, போனது. அபியின் பல்கலைக்கழகம் 'பெருந்தொற்றுக்குப் பின் ஜப்பான்: பொருளாதாரமும் சமூகமும்' என்று பொதுமக்களுக்கான விரிவுரைத் தொடர் ஒன்றை அறிவித்தது. அதில் ஒரு மாலை, தோக்கியோவில் இருந்து வரும் பேராசிரியர் ஒருவர் பேசுவார். அவருக்குப் பிறகு ஆய்வு மாணவி அபிராமி பேசுவாள். அறிவிப்பில் அவளுடைய படமும் இருந்தது. அதை மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்குக் கீழே வந்த கைகூப்பல்களை நான் எண்ணவில்லை. (எண்ணத் தொடங்கினேன், பாதியில் நெஞ்சு எரிந்தது.)

கூடவே மாமா இன்னொரு செய்தியும் சொன்னார். அந்தப் பேராசிரியர் தன்னோடு தோக்கியோவில் வேலை செய்ய ஒரு மாணவரைத் தெரிவு செய்கிறார். அபியின் பேச்சைக் கேட்ட பிறகுதான் முடிவு. அவள் சரியாகப் பேசினால் இரண்டு ஆண்டுகள் ஜப்பான்; சொதப்பினால் மறுபடியும் மாமியின் மருந்தாளர் கனவு. அம்மா செய்தியைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அபி தன் பேச்சின்போது திரையில் காட்டப்போகும் படங்களையும் குழுவில் அனுப்பினாள், யாராவது பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று. எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழாவது படத்தில் ஒரு வரைபடம். பெருந்தொற்றின்போது பெருநகரை விட்டுச் சிற்றூர்களுக்குக் குடிபோன இளையோரின் எண்ணிக்கை, மலையேறுவது போல உயர்ந்துகொண்டு போனது. ஆனால் நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை. இடையில் எங்கேயோ தொடங்கியது. அதனால் சின்ன மேடு மலையாகத் தெரிந்தது. எங்கள் தொழிலில் இப்படி ஒன்று கிடைத்தால் உடனே எழுதி அனுப்பிவிடுவோம். நானும் 'சூப்பர்' என்று போட்டேன்.

கேள்வி நேரத்தில் கேட்கலாம் என்பது என் திட்டம். அதற்காக மதியச் சாப்பாட்டு வேளைகளில் ஜப்பானைப் படித்தேன். ஆள் பற்றாக்குறை, மலிந்துபோன யென், திரும்பி வந்த சுற்றுலாப் பயணிகள், வாரிசு இல்லாமல் பூட்டிய கடைகள், ஆளில்லாத வீடுகள், எல்லாம் வகைபிரித்துக் குறித்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒருவர் வார இறுதி எப்படி என்று கேட்டதற்கு, பிறப்பு விகிதம் பற்றிப் பதில் சொன்னேன்.

அன்று மாலை மாமாவின் வானில் எல்லோரும் கிளம்பினோம். எங்கள் நிகழ்ச்சி ஆறு மணி என்றால் ஏழரைக்குத் தொடங்கும் என்பது மாமாவின் இரத்தத்தில் ஊறிய கணக்கு. இது ஜப்பானியர் வருகிற கூட்டம் என்று நான்தான் வற்புறுத்தி நேரத்தோடு கூட்டிப்போனேன். (என் பழிவாங்கலுக்கு நானே வாகன ஏற்பாடு.) மாமி மட்டன் ரோல்ஸ் ஒரு தட்டு, வெள்ளித்தாளால் மூடி, மடியில் வைத்திருந்தார். விரிவுரை மண்டபத்துக்குள் அது எதற்கு என்று கேட்டேன்.

"வெளிநாட்டில இருந்து வாற மனுசன். வெறுங்கையோட போறதே?" என்றார் மாமி. கனடா அவருக்கு வெளிநாடு இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பேராசிரியர் மெலிந்த மனிதர், மெதுவான ஆங்கிலம், கடைசி வரிசைக்கும் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். பிறகு அபி வந்தாள். அவள் பேசியது நன்றாக இருந்தது. இதை எழுத எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது, ஆனாலும் உண்மை. தாளைப் பார்க்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் மண்டபம் சிரித்தது. ஏழாவது படம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அச்சு மாறவில்லை. மலை மலையாகவே நின்றது. அம்மா என் பக்கம் சாய்ந்து, "வடிவாக் கதைக்கிறாள், என்ன?" என்றார். அந்த 'என்ன' எலும்பு வரை போனது.

கேள்வி நேரம். கூட்டத்தை நடத்திய நரைத்த தலைப் பேராசிரியை, முந்தைய விரிவுரைகளில் கேள்வி கேட்கிறோம் என்று ஆட்கள் தங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னதால் இம்முறை ஓர் ஒழுங்கு செய்திருப்பதாகச் சொன்னார். மேசையில் எதையோ எடுத்து வைத்தார். தலையில் தட்டினால் ஒலிக்கிற சின்ன வெண்கல மணி.

எனக்கு முன்னால் ஒருவர் வட்டி வீதம் பற்றிக் கேட்டு, தொடர்ந்து தன் வீட்டுக் கடன் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதே நேரத்தில் இன்னோர் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. நான் எழுந்தேன். அவரை நிறுத்தப் பேராசிரியை மணியைத் தட்டினார்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் ஒன்பது வயது பொறுப்பு. கையில் ஒலிவாங்கி, முன்னால் மேடை, மேடையில் அபி, காதில் மணி. ஜப்பான் முழுவதும் என் தலையிலிருந்து அழிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நடுநிலை தவறாத நடுவர்களே, பாசமிகு பெற்றோர்களே, சக மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்."

மாமாவும் மாமியும் பழக்கதோஷத்தில் கைகூப்பினார்கள். ஜப்பானியப் பேராசிரியர் தனக்கு ஏதோ மரியாதை நடக்கிறது என்று எழுந்து நின்று, நன்றாகக் குனிந்தார். அவர் குனிந்தபோதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் இன்று பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, பனைமரத்தின் பயன்கள்." வலது கை மேலே போய் மரத்தின் உயரத்தைக் காட்டியது. அந்த உயரத்தில் ஒலிவாங்கி இருந்ததால் முதலாவது பயனாகிய ஓலை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது பயனாகிய நுங்கு நன்றாகக் கேட்டது. மூன்றாவது, பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டு. பக்கத்தில் அம்மாவின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்தன.

"நான்காவதாக," என்றேன்.

மண்டபம் காத்திருந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே இடத்தில் அதே பள்ளம். "நான்காவதாக," என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். பேராசிரியையின் கை மணிக்கு மேலே நின்றது. அடிப்பதா, மருத்துவரைக் கூப்பிடுவதா என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் மேடையைத் திரும்பிப் பார்த்து, இந்த மொழி யாருக்காவது தெரியுமா, கேள்வியை மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார்.

அபி என்னைப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும்: இது கேள்வியில்லை, பிள்ளைகளின் பேச்சுப் போட்டி. மண்டபம் சிரித்திருக்கும், நான் கனடாவை விட்டே போயிருப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பில் அவளுடைய மாலையும் போயிருக்கும். நாங்கள் அவளுடைய குடும்பம் என்று முதல் வரிசைக்கே தெரியும். அபி ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, அமைதியான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

கேள்வி கேட்டவர் எங்கள் பெற்றோர் விட்டு வந்த ஊரின் மரம் ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார், என்றாள். ஓலை முதல் வேர் வரை அந்த மரத்தில் வீணாகிற பகுதி கிடையாது. ஆனால் போரில் ஆட்கள் ஊரைவிட்டுப் போனபின் மரங்கள் மட்டும் நிற்கின்றன. எடுக்க ஆளில்லாதபோது பயனுக்கு என்ன பொருள்? ஜப்பானியச் சிற்றூர்களுக்குப் பெருந்தொற்றில் குடிபோன இளையோர் அங்கே நிலைப்பார்களா, அல்லது வீடுகளும் கடைகளும் மறுபடியும் இந்த மரங்களைப் போல நிற்குமா? அதைத்தான் அவர் கேட்கிறார்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, பாராட்டும் முணுமுணுப்பு. நானே தலையாட்டினேன். இவ்வளவு நல்ல கேள்வியை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் கேள்விக்கு அவளே பதிலும் சொன்னாள். சொல்லும்போது ஏழாவது படத்தைத் திரும்பப் போட்டு, இந்த அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை, ஆகவே இந்த மலையை நம்பிவிடாதீர்கள் என்றாள். அடுத்த படம், குழுவில் வராத, கேள்வி நேரத்துக்கென்றே அவள் ஒளித்து வைத்திருந்த படம், பூச்சியத்தில் தொடங்கியது. மலை மேடானது. இளையோர் பெரிதாகப் போகவில்லை, போனவர்களிலும் பலர் திரும்பிவிட்டார்கள் என்பதுதான் அவள் கடைசிக்கென்று வைத்திருந்த முடிவே. நான் ஆயுதம் என்று நினைத்த ஏழாவது படம், அவள் ஏறிப்போக வைத்த படி.

கூட்டம் முடிந்ததும் ஜப்பானியப் பேராசிரியர் நேரே என்னிடம் வந்து, இரு கையாலும் தன் பெயர் அட்டையை நீட்டி, அந்தக் கேள்வி தன் தாயின் ஊரை நினைவூட்டியது என்றார். நான் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் மட்டன் ரோல்ஸை நீட்டினேன். அவர் மூன்று சாப்பிட்டார். மாமி என்னைப் பார்த்த பார்வையில், 'சொன்னன் தானே' என்று எழுதியிருந்தது.

வானுக்கு நடக்கும்போது அபி என் கையைக் கோத்துக்கொண்டாள். "என்னடி தர்சி, கிராஃபைப் பிடிக்கப் போறாய் எண்டு நினைச்சன்," என்றாள். "நீ 'சூப்பர்' எண்டு போட்டவுடனேயே விளங்கீட்டுது. நீ எதையாவது சூப்பர் எண்டு சொன்னனியே?"

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றேன்.

"ஓம், நாலாவது பயன் தெரியாதுதான்."

அம்மாவுக்கு மட்டும் வேறு நினைப்பு. "நான் எழுதித் தந்த பேச்சு. பிள்ளை இவ்வளவு காலமும் மறக்கேல்லை," என்று மாமியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நான்காவது பயன், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் என்பதை மாமாதான் வான் ஓட்டிக்கொண்டே சொன்னார். போன ஞாயிறு அவர் வீட்டில் இரண்டு கிண்ணம் ஒடியல் கூழ் குடித்தவள் நான்.

அபிக்குத் தோக்கியோ கிடைத்தது. எங்கள் வீடுகளில் இப்போது யாராவது பேச்சில் தடுமாறினால், காரணம் கேட்கும்போது விழித்தால், கடைப் பட்டியலில் ஒன்று மறந்துபோனால், மாமா கரண்டியால் தேநீர்க் கோப்பையைத் தட்டுவார். எல்லோரும் சேர்ந்து "நான்காவதாக" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் தட்டினார்.

போன மாதம் அபியின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. தொடக்கமே ஒரு பனைமரம். நான் வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா அச்சுகளும் பூச்சியத்தில் தொடங்கின. கடைசியில் நன்றி சொல்லும் பகுதிக்குப் போனேன். முதலில் பேராசிரியர், இரண்டாவது பல்கலைக்கழகம், மூன்றாவது மாமாவும் மாமியும். அதற்கு அடுத்தது, 'இந்தக் கேள்வியைக் கேட்ட என் மச்சாள் தர்சிகா'.

யோசித்துப் பார்த்தால், என்னை முதலாவதாகப் போட்டிருக்கலாம்.