மூன்றாவது ஸ்பிளின்ட் தேயாத விவரம்

அந்தியூர்
9.6.1996

அன்பு மருமகள், பல் டாக்டர் கயல்விழிக்கு உன் தாய்மாமன் வேங்கடசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை பூவாத்தாள், நான்கு எருமைகள், ஒரு கன்று, என் வாயில் மீதமிருக்கும் இருபத்தாறு பற்கள் எல்லாரும் சௌக்கியம். கோயமுத்தூரில் நீயும் என் தங்கையும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க அம்மன் துணை நிற்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் பல் டாக்டர்கள் கூட்டத்தில் நீ கட்டுரை படிக்கப் போவதும், பல்லைக் கடிப்பவர்கள் வாயில் எந்தப் பொருள் எத்தனை நாள் உழைக்கிறது என்பதே அதன் விஷயம் என்பதும் அறிந்து மிகவும் சந்தோஷம். நான் உறக்கத்தில் பல்லைக் கடிக்காமலிருக்கப் பல்மேல் மாட்டிக்கொள்ள நீ செய்து கொடுத்த மூன்று ஸ்பிளின்ட்டுகளைப் பற்றியும் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறாய். மாட்டுத் தரகனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழக்கம் இல்லை. ஆனாலும் நீ செய்த உபகாரத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

போன வருஷம் ஆனி மாதம் உன் அத்தை டிரங்குப் பெட்டியோடு கோபியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் அல்லவா? சண்டை எதுவும் இல்லை. “ஏனுங்க, கண்ணாலமாகி முப்பது வருசமா உங்க பல்லு நறநறங்கற சத்தத்துல நான் ஒரு நாள் ஒழுங்கா ஒறங்குனதில்லீங்க. சத்தம் நிக்கட்டும், வாரேனுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். நான் மறு பஸ்ஸில் உன்னிடம் வந்தேன். நாற்பது வருஷமாக மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லிக்கொண்டிருந்தவன், உன் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அந்த மாடுகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உணர்ந்தேன். “மாமா, உங்களுக்கு அம்பத்தெட்டு வயசு, உங்க பல்லுக்கு எம்பது வயசுங்க” என்றாய். என்னை நானே விற்பதானால் நல்ல விலை வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் கொடுத்தது ரப்பர் போல மெத்தென்று இருந்தது. இதமாக இருந்ததை மறுக்க மாட்டேன். ஒரு நாள் காலையில் கழுவித் தொட்டி மேட்டில் வைத்துவிட்டு முகம் துடைப்பதற்குள் கன்று அதைக் கவ்விக்கொண்டு போய் அரை மணி நேரம் மென்றது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு தழும்பு இல்லை. ஆகா, எத்தனை உழைப்பான சாமான் என்று மெச்சி, கொதிக்கும் தண்ணீரில் போடாமல், நீ சொன்னபடி பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கொண்டேன். கன்று மென்றும் தாங்கிய அந்தப் பொருள் எனக்குப் பத்தொன்பது நாள்தான் தாங்கியது. இரண்டு பக்கமும் கடவாய்ப் பல் அளவுக்கு ஓட்டை. கன்றின் பெயரையும் உன் கட்டுரையில் சேர்ப்பதானால் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இரண்டாவது, என் கண்ணெதிரே நீயே பொடியையும் திரவத்தையும் கலந்து கையால் செய்த கெட்டி அக்ரிலிக். ராத்திரிக்கு மட்டும் என்றுதான் சொன்னாய். ஆனால் நான் பல்லைக் கடிப்பது பேரத்தின்போதும்தானே என்று அதை ஆடித் திருவிழாச் சந்தைக்கும் போட்டுக்கொண்டு போனேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழிலில் வாய் அடைத்திருந்தால் ஒன்றும் குறையாது. உடுமலைப்பேட்டை நரசிம்மலு ஒரு ஜோடிக் காளைக்கு என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கவும் மாட்டேன் ஏறவும் மாட்டேன் என்று நின்றார். நான் பல்லைக் கடித்தேன். படீரென்று ஒரு சத்தம். என் விரலை முறித்துவிட்டதாக நினைத்து அவர் கையை உதறினார். பாதி ஸ்பிளின்ட் என் வாயிலிருந்து துண்டின் மேல் விழுந்தது. “அய்யய்யோ, பல்லெல்லாம் கொட்டிப்போச்சுங்க! நீங்க கேட்ட வெலையே வெச்சுக்குங்க, தண்ணியக் குடிங்க” என்று மனுஷன் பதறிப்போய் எனக்கு விசிறிவிட்டார். ஆகவே அந்தப் பொருள் இருபத்திரண்டு நாள்தான் உழைத்தது என்றாலும், வியாபாரத்துக்கு அதைப்போல உதவியது வேறில்லை.

மூன்றாவதுதான் கண்ணு, தெய்வம். லேப்பில் அச்சுக்குள் அடைத்து இட்லி போல வேகவைத்து எடுத்த அக்ரிலிக் என்று சொல்லி, பகலில் போடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய். சத்தியத்தை மீறவில்லை. உடனே உன் அத்தைக்குச் சத்தம் நின்றது என்று கார்டு போட்டேன். பத்தாம் நாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒன்பது மாதம், அவள் ஒரு ராத்திரியும் குறை சொல்லவில்லை, நன்றாக உறங்குகிறாள். ஸ்பிளின்ட்டை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். முதல் பத்து நாளில் கடவாய்ப் பக்கம் நகம் கீறியதுபோல ஒரு கோடு விழுந்தது. அத்தை வந்த பிறகு அது இம்மியும் வளரவில்லை. பழகப் பழகக் கெட்டிப்படும் பொருள் என்று கட்டுரையில் தைரியமாக எழுதிக்கொள். யாராவது சந்தேகப்பட்டால் நானே வாயோடு வந்து சாட்சி சொல்கிறேன். அவள் இல்லாத அந்த இரண்டு மாதம் அடுப்பில் பூனை படுத்திருந்தது. நான் காபிக்கடைச் சோற்றைத் தின்றுகொண்டு எருமைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். போன பெண்டாட்டியைத் திருப்பிக் கொடுத்தது நீ செய்த அந்தச் சாமான்தான் அம்மணி. இந்த நன்றியை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன்.

உன் கைராசி பெருகட்டும். கூட்டத்தில் உன் பேச்சுக்கு எல்லா டாக்டர்களும் கைதட்டட்டும். அம்மாவுக்கு என் அன்பையும் மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமன்
வேங்கடசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தெய்வம் என்ற இடம் வந்ததும், “ஏனுங்க, அதைய மட்டும் அடிச்சுருங்க. புள்ள நாலு பேரு முன்னால பொய் சொன்னாப்பல ஆயிரும்” என்றாள். ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அண்ணன் ஊட்டுல சத்தமே இல்லீங்க, எனக்கு ஒறக்கமும் இல்லீங்க. அதான் கார்டு வந்தொடனே ஓடியாந்தேன். இங்க வந்து பாத்தா நீங்களும் சத்தமில்லாம கெடக்கறீங்க. மூச்சு இருக்குதான்னு நாலு வாட்டி மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்தேனுங்க. பயமாப் போச்சு. அப்பறம் தெனமும் நீங்க ஒறங்குனதும் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு, காத்தால முழிக்கறதுக்குள்ள மாட்டி உட்டுருவேன். கன்னுக்குட்டிக்கு மருந்து ஊத்துன கைதானுங்களே.” ஆகவே மூன்றாவது பொருள் என் வாயில் உழைத்தது பத்து நாள், எவர்சில்வர் டம்ளரில் ஒன்பது மாதம். கட்டுரையில் அப்படியே எழுது. புதிதாக வேறு எதுவும் செய்து அனுப்பாதே, கண்ணு. பல் தேய்ந்தால் கட்டிக்கொடுக்க நீ இருக்கிறாய். எனக்கு மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.