லேசர் போடாமல் பிறந்த நியூட்ரான்

எனக்கு வாய் கொஞ்சம் முந்தும். பரீட்சை ஹாலை விட்டு வரும்போதே மார்க்கை அறிவித்துவிடுகிற ரகம். (வந்த மார்க் வேறு விஷயம்.) அந்த வாய்தான் ஓசூரில் என் மானத்தைக் கப்பலேற்றியது.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, அங்கே ஒரு சின்ன லேத்துக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முதலாளி நாகராஜப்பா ஷெட்டின் ஒரு மூலையை என் ஆராய்ச்சிக்கு விட்டிருந்தார். கன ஹைட்ரஜன் ஏற்றிய வில்லையை லேசரால் அடித்தால் அது கொதித்துப் பிளாஸ்மாவாகும்; காந்தச் சுருள் அதை விரட்டிக்கொண்டு போய் எதிரே உள்ள தகட்டில் மோதவிட்டால் நியூட்ரான் பிறக்கும். பிறக்க வேண்டும். எட்டு மாதமாகப் பிறக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பெங்களூர்லேர்ந்து பாக்க வராங்கம்மா. அன்னிக்கும் நியூட்ரான் வரலேன்னா அந்த எடத்துல லேத்து மிஷின் நிக்கும்" என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை காலை வில்லையைச் சரிசெய்ய, அது இருக்கும் இரும்புக் கலத்துக்குள் கைவிட்டேன். அப்போது வேறு யாரும் லேசரைப் போட்டுவிடாதபடி அதன் சாவி நம்மிடமே இருக்க வேண்டும் என்பது விதி. சுடிதாரில் பாக்கெட் ஏது? துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டேன். பிறகு கதவை அடைத்து, "அக்கா, இன்னிக்கு ரெட்டிப்பா ஏத்தி அடிங்க!" என்றேன். கெலமங்கலத்து மஞ்சுளா அக்காதான் சுருளுக்கு மின்சாரம் ஏற்றி விடுபவர். டமார்! எட்டு மாதமாகப் பூஜ்யத்தில் கிடந்த, நியூட்ரானை எண்ணும் கவுன்ட்டர் இருநூறுக்குத் தாவியது.

நான் போட்ட கூச்சலில் லேத்துகள் நின்றன. முதலாளி லட்டு வரவழைத்தார். நான் எங்கள் ஊர் கல்லாவிக்கு, அப்பாவுக்கு போன் அடித்தேன். நிலக்கடலை விவசாயி, நியூட்ரானைக் கண்டாரா? ஆனால் மூன்று மணிக்குள் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் நின்றுவிட்டது: 'நியூட்ரான் கண்ட எங்கள் நாயகியே!' போட்டோ வாட்ஸப்பில் வந்தது. (சின்ன வயதில் காது குத்துக்கு எடுத்த படம், ஐயோ.)

பெங்களூர் விருந்தாளிகள் முன்னாலும் அடித்தோம். மறுபடி இருநூறு! கைதட்டல். அவர்களில் ஒரு அம்மா மட்டும், "லேசரை ஆஃப் பண்ணிட்டு ஒருதடவை காட்டுங்களேன்" என்றார்.

"தாராளமா!" என்று சாவியை உருவப் போனேன். லேசர் பெட்டியில் சாவி இல்லை.

மஞ்சுளா அக்கா என் துப்பட்டாவையே பார்த்தார். "ஏம்மா, அந்த முடிச்சுல என்னாது?"

காலையிலிருந்து லேசர் ஓடவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத லேசர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரெட்டிப்பாக ஏற்றிய சுருள் கிளப்பிய மின் இரைச்சலைத்தான் கவுன்ட்டர் எண்ணித் தள்ளியிருந்தது. பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன், பிளக்கவில்லை. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சுருள் நல்லா வேலை செய்யுது சார், பொண்ணுக்கு ஒரு மாசம் குடுங்க" என்றார். முதலாளி தலையில் கைவைத்தபடியே தலையாட்டினார்.

கவுன்ட்டருக்குச் செம்புப் பெட்டியில் கவசம் கட்டினோம். இருபத்தாறாம் நாள், லேசர் போட்டதும் கவுன்ட்டரில் ஏழு விழுந்தது. வெறும் ஏழு! மஞ்சுளா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூலை எனக்கே என்றாகிவிட்டது.

"அப்பா, இப்ப நெசமாவே வந்துருச்சுப்பா!"

நடந்த கூத்தை முன்பே சொல்லியிருந்தேன். "லேசர் போட்டியா கண்ணு?"

"போட்டேன்பா."

"போடாம பாத்தியா?"

"பத்து தடவ பாத்தேன்பா. ஒண்ணுமே வரல."

"அப்ப சரி."

அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நல்ல சேதியும் லேசில் செல்லுபடியாவதில்லை. கல்யாணமான பிறகு, போன மாதம், நான் முழுகாமல் இருக்கிறேன் என்று போனில் கத்தினேன். அம்மா நிதானமாகக் கேட்டாள்: "டாக்டரம்மா சொன்னாங்களா, நீயே சொல்றியாடி?"