பெண்ணெழுச்சி மாநாட்டில் சந்தனத் தட்டு

பெண்களுக்கு விடுதலை வாங்கித் தந்த பெருமை, கிள்ளானில் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையே சாரும். அதற்கான தீர்மானத்தை ஏழு பேர் கொண்ட செயலவை ஒருமனதாக நிறைவேற்றியது. ஏழு பேரும் ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் நேரத்தில் பெண்களைக் கூட்டத்துக்கு அலைக்கழிப்பது பாவமல்லவா! செயலாளர் இராமலிங்கம், அதாவது அடியேன், 'பெண்ணெழுச்சி மாநாடு' என்று பெயரும் சூட்டினேன்.

முக்கியப் பேச்சு நாலாம் படிவ மாணவி வாணிக்கு. அவள் என் மகள் என்பது தற்செயல். மூன்று வாரமாகச் சாப்பிடும்போதுகூடப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பள்ளி முடிந்ததும் மகதலேனா டீச்சர் மாணவிகளோடு உட்கார்ந்து பேசுவார். நான் ஜன்னலோரம் நின்று 'மேற்பார்வை' செய்தேன்.

"உங்க வீட்டுல சாப்பிட்ட மங்கு, தட்டு கழுவுறது யாரு?" என்றார் டீச்சர்.

"நாங்கதான்."

"அண்ணன், தம்பி?"

"கை வலிக்குமாம் டீச்சர். கேம் ஆடுற கை லா!" என்றாள் பெர்னிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். வாணி சிரிக்கவில்லை. "இதெல்லாம் நான் எழுதிடுவேன் டீச்சர். கடைசில யாராச்சும் ஒரு ஆம்பளதான் மைக்க புடிச்சுக்குவாரு. எப்பவும் அப்படித்தானே?"

"அப்போ அதையும் சேத்து எழுது."

என்ன கல்வி நெறி! எனக்குப் புல்லரித்துவிட்டது.

மாநாட்டன்று சிறப்பு விருந்தினர் டத்தோவை வரவேற்க வாசலில் சந்தனத் தட்டோடு ஒரு பெண் பிள்ளை நிற்க வேண்டும். அது பண்பாடு. பையன் நின்றால் நன்றாகவா இருக்கும்? வழக்கம்போல் வாணியையே நிறுத்தினேன். டத்தோவின் கார் சுபாங் ஜெயா சாலை ஜாமில் மாட்டிக்கொண்டது. நிகழ்ச்சி அதற்குள் தொடங்கிவிட்டது.

"அப்பா, அடுத்தது என் பேச்சு. யாராச்சும் தட்ட புடிங்கப்பா."

"டத்தோ வர்ற நேரம்மா. பேச்சு எங்க ஓடியா போயிடும்? தாள குடு, நான் பாத்துக்கிறேன்."

அவள் கண் கலங்கியது. பூரிப்பாக இருக்கும். தாளைக் கொடுத்துவிட்டாள்.

ஆக, பெண்கள் பேச வேண்டியதன் அவசியம் பற்றி இருபது நிமிடம் நானே பேசினேன். முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. என்னைப் போன்ற பேச்சாளனுக்கு அதெல்லாம் எதற்கு? குரலை ஏற்றி, மேசையைத் தட்டி, கடைசிப் பத்தியை முழங்கினேன்:

"இதை இப்போது வாசிப்பவர் வாணி இல்லையென்றால், வாணி எங்கோ ஒரு தட்டோடு நிற்கிறாள் என்று அர்த்தம். ஐயா, மைக்கை வைத்துவிட்டுப் போய் அதை வாங்கிக்கொள்ளுங்கள்."

மண்டபமே அதிர்ந்தது. கைதட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அறிக்கையில் 'பலத்த கரவொலி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

டத்தோ இன்னும் வந்தபாடில்லை. வாசலில் வாணி, தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள்.