ஷம்சாத் பேகத்துக்கு வந்த கோடு

சங்கரன்கோவிலில் லைன் என்ற சொல்லை யாரும் இங்கிலீஷ் என்று நினைத்ததே கிடையாது. கரண்ட் லைனில் வந்தது, ரயில் லைனில் போனது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளுக்கு லைன் வீடு என்று பேர். ரேஷன் கடையில் நின்றது லைன். பஸ் ஸ்டாண்டில் தலையைச் சீவிக்கொண்டு நின்ற வாலிபர்கள் அடித்ததும் லைன்தான். இத்தனை வேலையையும் அந்த ஒரு சொல் தனியாகப் பார்த்துக்கொண்டது. யாரும் குழம்பியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அரசாங்கம் அதில் தலையிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஷம்சாத் பேகத்துக்கு ஒரு லைன் தேவைப்பட்டது.

அவள் புருஷன் நஜ்முதீன் துபாயில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்த்தான். அவன் அனுப்பிய பணத்தில் அவள் இரண்டு விசைத்தறி வாங்கி, வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு இறக்கிவிட்டாள். தறி இருந்தது, பாவு நூல் தருவதற்குச் சேலை வியாபாரி இருந்தார், கரண்ட் மட்டும் இல்லை. கம்பம் தெருமுனையோடு நின்றுவிட்டது. நஜ்முதீன் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கேசட்டில் பேசி அனுப்புவான். கடைசியாக வந்த கேசட்டில், “தறி ஓடுத சத்தத்தை டேப்பில பிடிச்சு அனுப்பு. அதைக் கேட்டுட்டு டிக்கெட் போடுதேன். திரும்பிப் போக டிக்கெட் போடமாட்டேன்” என்று சொல்லியிருந்தான். பாட்டரி டேப்பில் ஷம்சாத் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி ஓடவிட்டதில் நாடா தேய்ந்து, அவன் குரல் கிழவன் குரலாகிவிட்டது.

விசைத்தறிக்கு லைன் வாங்கித் தருவதற்கென்றே அந்நாளில் வட்டார விசைத்தறி வசதி வாரியம் என்று ஒன்று இருந்தது. ஷம்சாத் அங்கே போனாள். வாசலில் புதிதாக ஒரு போர்டு: ‘கோட்டில் நிற்கவும்’. தரையில் சிமெண்டுப் பாளங்கள் சேரும் இடுக்கில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நாலைந்து பேர் நின்றார்கள். உள்ளே குமாஸ்தா பிரபுதாஸ் டெலிபோனை வைத்துவிட்டு, “சார், கோடு கிடைக்கல” என்றான். ஷம்சாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதிகாரி ஞானரத்தினம் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொல்லி, விஷயத்தைக் கேட்டு, அவள் கொண்டுவந்த மனுவில் லைன் என்று இருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருப்பதாகச் சொன்னார். இனி ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல். இரண்டு இருந்தால் எதை எழுதுவது என்று கீழே உள்ளவர்கள் யோசிக்க நேரிடும், யோசித்தால் வேலை கெடும் என்பது மேலிடத்தின் தாழ்மையான கருத்து. லைன் என்றால் கோடு.

“அப்ப லைன்மேன், சார்?”

“கோட்டாளர்.”

“ரயில் லைன்?”

“அது வேற இலாகா. அவங்க கோட்டை அவங்க பாத்துக்கிடுவாங்க.”

ஷம்சாத் வாதாடவில்லை. பேர் எதுவாக இருந்தால் என்ன, கரண்ட் வந்தால் சரி என்று நினைத்தாள். ‘கோடு வேண்டி’ என்று புது மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மனு மேலே போனது. மேலே இருந்தவர்கள் லைன் என்ற சொல்லைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். அவர்களுக்கு வந்ததெல்லாம் கோடுதான். ‘மேற்படி கம்பம் தொடங்கி மேற்படி கொட்டகை முடிய, மனுதாரருக்குக் கோடு வழங்க இதன்மூலம் ஆணையிடப்படுகிறது’ என்று உத்தரவு இறங்கிற்று. பின்னாலேயே இரண்டு ஆட்கள் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியும் கயிறும் கொண்டுவந்தார்கள். கயிற்றை இழுத்துக் கட்டி, கம்பத்தடியிலிருந்து கொட்டகை வாசல் வரை தெருவோடு ஒரு கோடு போட்டார்கள். வளைவில் கொஞ்சம் பிசகியதை அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள். மனச்சாட்சியுள்ள ஆட்கள்.

“ஒயர் எங்கய்யா?” என்று கேட்டாள் ஷம்சாத்.

“ஒயர்னு உத்தரவுல இல்லம்மா. நேரா போட்டுருக்கோமான்னு பாத்துக்கிடுங்க” என்றார்கள்.

அவள் ஓட்டமாக வாரியத்துக்குப் போனாள். ஞானரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

“எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா நீங்க கேட்டது கோடு. கோடு வந்துட்டு. வந்ததை வரலைன்னு நான் எழுத முடியாது.”

“மறுபடி மனு குடுத்தா?”

“ரெண்டாவது கோடு வரும்.”

அன்று ராத்திரி ஷம்சாத் சாப்பிடவில்லை. தறிகள் இரண்டும் இருட்டில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றன. நஜ்முதீனுக்கு எந்தச் சத்தத்தைப் பிடித்து அனுப்புவது?

விடிந்து வாசலைத் திறந்தால், கோட்டின் மேல் ஒரு மண்ணெண்ணெய் டின் இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சீமைத்தண்ணி என்கிற மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்துகொண்டிருந்த சமயம். தெருவில் சர்க்கார் கோடு போட்டிருப்பதைப் பார்த்த யாரோ, சர்க்கார் சும்மா கோடு போடாது என்று முடிவுகட்டி டின்னை வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கோடு முழுக்க ஆள் நின்றது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றி வந்தவர்கள் இடம் பிடிக்க ஒரு கோணியைப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார்கள்.

நடுவில் பக்கத்து வீட்டு கிருபாபாய் டீச்சரும் நின்றாள். அவளைத் தனியே கூப்பிட்டு, இது தன் கரண்டுக்குப் போட்ட கோடு, இங்கே ஒன்றும் கொடுக்கப் போவதில்லை என்று ஷம்சாத் சொன்னாள். டீச்சர் அனுதாபத்தோடு கேட்டாள். பிறகு பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

“நீ சொல்லுதது நெசமாத்தான் இருக்கும், ஷம்சாத். ஆனா இத்தன பேரு நிக்காவளே.”

மற்றவர்கள் அத்தனை பெருந்தன்மை காட்டவில்லை. கொட்டகை வாசலில் கோடு முடிவதால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது என்றும், துபாய்க்காரர் வீடென்றால் சர்க்காருக்கும் ஒரு இது உண்டு என்றும் பேசினார்கள். ஷம்சாத் கொட்டகையைத் திறந்துகாட்டினாள். “முன்னாடியே வேற எடத்துக்கு மாத்தியிருப்பாவ” என்றது லைன்.

சாயங்காலம் இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துத் தள்ளுமுள்ளு ஆகி, மனு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நிற்கிற பொதுமக்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று மனு. எதற்கு நிற்கிறார்கள் என்று அதில் யாரும் எழுதவில்லை, எவரும் கேட்கவுமில்லை. விளக்கு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம் இருந்ததால் மேலிடத்தில் ஒரு தடங்கலும் வரவில்லை. தெருமுனையிலிருந்து கோட்டை ஒட்டியே கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கோடு முடிந்த இடத்தில், அதாவது ஷம்சாத் பேகத்தின் கொட்டகை வாசலில், கடைசி விளக்கைப் போட்டார்கள்.

பிரபுதாஸ் அவளிடம் மெதுவாகச் சொன்னான். “அக்கா, இப்ப ஒரு மனு குடுங்க. லைன்னு எழுதாதீங்க, கோடுன்னும் எழுதாதீங்க. கொட்டகைக்கு உள்ளயும் ஒரு விளக்குன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினாள். வாரியத்தின் கணக்கில் அவளுடைய இரண்டு விசைத்தறியும் சேர்ந்து விளக்கு ஒன்று.

தறி ஓடிய முதல் நாள் ஷம்சாத் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க வெறும் தடதடப்பு. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுகை பதிந்துவிடும். அந்த மாதக் கடைசியில், டிக்கெட் போட்டுவிட்டதாக நஜ்முதீன் தந்தி அடித்தான்.

சுண்ணாம்பு எப்போதோ அழிந்துபோயிற்று. ஆனால் லைன் அப்படியே நின்றது. நின்றவர்கள் வீட்டுக்குப் போனால் வேறு ஆள் வந்து நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லையாம், பாமாயிலாம் என்று ஒரு வாரம் பேச்சு. பிறகு அதுவும் இல்லை, சிமெண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷம்சாத் வாசலில் நின்று அவர்களை வெகுநேரம் பார்த்தாள். கோடு எப்படி வந்தது, யார் போட்டது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஊரிலேயே அவளுக்குத்தான் தெரியும். உள்ளே போனாள். தறியை நிறுத்திவிட்டு ஒரு டின்னை எடுத்துக்கொண்டு வந்து கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள்.

சற்றுப் பொறுத்து அவளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். வேட்டி கட்டி, கையில் டின்னோடு ஞானரத்தினம்.

“சார், இது நீங்க போட்ட கோடுல்லா?”

“நான் போட்டதுதாம்மா.” அவர் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார். “ஆனா மேல எதுக்குப் போடச் சொன்னாங்கன்னு நமக்கு முழுசாவா சொல்லுதாங்க? கொஞ்சம் முன்னால தள்ளி நில்லுங்க.”

ஷம்சாத் தள்ளி நின்றாள்.