ஏலக்காய் மூட்டையில் ஒரு சுழி அம்பு

போடிநாயக்கனூர் சரித்திரத்தில் ஏலக்காய் மலையிலிருந்து இறங்கித்தான் வந்திருக்கிறது. மலையேறிப் போனது ஒரே ஒரு தடவை. போகவைத்தவர் எங்கள் அம்பு அண்ணன்.

எண்பதுகளில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் புரோகிராம் எழுத தேவாரத்திலிருந்து அவர் வந்தார். கக்கத்தில் நண்பர் யாரோ அனுப்பிய ஜெராக்ஸ் கட்டு, கேட்டகரி தியரி என்று ஏதோ கணக்கு சாஸ்திரமாம். கரண்டு இருந்தால் புரோகிராம், போனால் தியரி. கரண்டு பெரும்பாலும் போனது.

எடை போட்டுக்கொண்டிருக்கும் என்னைப் பிடித்து உலுக்குவார்.

"சாமான் என்னங்கறது முக்கியமில்ல மாப்ளே. ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குப் போற அம்புதான் முக்கியம். நான் எழுதுற ஒவ்வொரு புரோகிராமும் ஒரு அம்பு. ரெண்டு அம்பைக் கோத்தா, அதுவும் ஒரு அம்பு!"

சொல்லும்போது குரங்கணி மலை உச்சியில் வெயில் விழுந்தாற்போல முகம் பளீரென்றாகிவிடும். சுவரில் அம்பு, மேசையில் அம்பு. புறப்பட்ட இடத்துக்கே வளைந்து வந்து சேரும் சுழி அம்பு ஒன்றும் உண்டு.

"இது எங்கய்யா போகுது?" என்றார் முதலாளி.

"எங்கயும் போகல மொதலாளி. இருக்குற எடத்துலயே இருக்கறதுக்கும் ஒரு அம்பு வேணும்ல?"

"சும்மா கெடக்கறதுக்கு ஒரு அம்பா? ஒனக்குன்னே செஞ்சிருக்கான்!"

ஏலம் நடக்கவிருந்த ஒரு காலையில் சுவரில் இடம் தீர்ந்துபோனது. சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் நுழைந்தவர், ஏலக்காய் மூட்டைகள் மேல் சாக்பீஸால் தியரியைத் தொடர்ந்தார். எங்கள் கிட்டங்கியிலோ மூட்டையில் அம்பு போட்டால் அது உத்தரவு. மேல்நோக்கிய அம்பு என்றால் எஸ்டேட்டுக்கு அரிசி கொண்டுபோகும் போடிமெட்டு ஜீப்பு, கீழ்நோக்கியது மதுரை லாரி. அண்ணன் போட்டதெல்லாம் மேல்நோக்கிய அம்பு. லோடுமேன்கள் கண்ணும் கருத்துமாக ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

எஸ்டேட்டிலிருந்து போன் அலறியது. "அரிசி கேட்டா ஏலக்காய அனுப்பியிருக்கீக! இத வடிச்சா திங்கறது?"

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏலம் ஆரம்பிக்கறதுக்குள்ள மூட்டை இங்க இருக்கணும். இல்ல, நீ கணக்க முடிச்சுக்கிட்டு மதுர பஸ்சுல இருக்கணும்."

அரிசி ஏற்றிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு அண்ணன் மலையேறினார். நாங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தோம். ஏல மணி அடிக்கப்போகும் நேரம், புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப்பு வந்து நின்றது. மூட்டைகள் மேல் ராஜா மாதிரி அவர்.

"மொதலாளி! போன அம்பையும் வந்த அம்பையும் கோத்துப் பாருங்க! எங்கயுமே போகாத மாதிரி ஆயிருச்சு! அந்தச் சுழி அம்புதான் இது!"

"இவரு திருந்த மாட்டாரு," என்றார் லோடுமேன் ஒருவர்.

முதலாளி சாக்பீஸை எடுத்தார். "திரும்பி நில்லு."

அண்ணன் முதுகைக் காட்டினார். கீழ்நோக்கிய அம்புதான், மதுரைதான் என்றே நினைத்தோம். சாக்பீஸ் சட்டை மேல் கிளம்பியது, வளைந்தது, கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது.

"போ, வெரசா சோலியப் பாரு."

அந்தச் சட்டையை அண்ணன் ரொம்ப நாள் துவைக்கவில்லை. கடை நிறைந்த ஏலக்காய் வாசனையையும் மீறி அது நாறியது. துவைக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.