வெல்மோன் பேராலயத்தின் பறக்கும் முட்டுகள்

வெல்மோன் நகரத்துப் பேராலயத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது விழவில்லை.

இடி விழுந்தது, ஆறு கரை புரண்டு வந்தது, எதிரிப் படை தீ வைத்துப் பார்த்தது. கோயில் அசையவில்லை. ஓர் ஆள் குறுக்கே படுத்துப் புரளலாம், சுவர் அத்தனை கனம். கூரையோ தாழ்வு. அதனால் திருப்பணிப் பொறுப்பாளரான குய்பேர் சாமியாருக்குச் செய்ய ஒன்றுமில்லை. காலையில் சுவரை ஒரு தட்டுத் தட்டி, "சௌக்கியமா?" என்று விசாரிப்பார். பிறகு கோயிலை ஒட்டிய பெரோனெல் அம்மாளின் கடைக்குப் போய் விலாங்கு மீன் அடைத்த அப்பம் தின்பார். தெய்வீகமான உத்தியோகம்.

அந்த உத்தியோகத்தில் மண் விழுந்த கதை இது. கோயிலின் தலைவரான ஆயர், பக்கத்து நகரமான சார்பீக்குத் திருவிழாவுக்குப் போய், கழுத்துச் சுளுக்கோடு திரும்பினார். அங்கே புதுக் கோயிலை அண்ணாந்து பார்த்ததில் வந்த சுளுக்கு.

"குய்பேர், சார்பீ கோயிலுக்குப் பறக்கும் முட்டு இருக்கு. தள்ளி ஒரு தூண் நிக்குது. அதுலேர்ந்து கல்லு வில்லு மாதிரி ஆகாசத்துல பாஞ்சு வந்து சுவரைத் தாங்குது. நம்ம கோயிலை எது தாங்குது?"

"அதுவே நிக்குதுங்க, பெரிய சாமி."

"அதுவேவா?" ஆயரின் முகம் சுருங்கியது. "வெளியில சொல்லாதேயும்."

தலைமைக் கொத்தனார் ரெனியே வரவழைக்கப்பட்டார். பட்டுத் தொப்பி, கையுறை, சார்பீயில் வேலை பார்த்த கர்வம். சுவரைச் சுற்றி வந்து உச்சுக்கொட்டினார்.

"உயரமான சுவர் வெளியே பிதுங்கும் சாமி. அதை உள்பக்கமா அமுக்கிப் பிடிக்கத்தான் முட்டு. இது பிதுங்கவே மாட்டேங்குதே. முட்டுக் குடுத்தா உள்ளேதான் சாயும்."

"அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா?" குய்பேருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

"சேச்சே! கட்டச் சொன்னா கட்டிட்டுப் போறேன்."

குருக்கள் சபை கூடியது. மேற்படி சுவர் எவருடைய உதவியையும் நாடாமல் தன்னிச்சையாக நிற்பது வருந்தத்தக்கது என்றும், அத்தகையதொரு பிடிவாதம் இறைவனுக்கும் காலத்துக்கும் ஒவ்வாதது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. குய்பேரும் கை தூக்கினார். மற்ற எல்லாக் கைகளும் மேலே இருக்கும்போது தன் கை மட்டும் கீழே இருந்தால் குளிரும் போலிருந்தது.

முதல் தூணுக்கு ரெனியே குறித்த இடம் பெரோனெல் அம்மாளின் அடுக்களையாக இருந்தது. அம்மாள் கரண்டியோடு வந்தாள்.

"ஏன் சாமி, அந்தச் சுவரு உங்களை என்ன பண்ணுச்சு? சும்மா நிக்கிறவனை முதுகுல உதைக்கிற மாதிரி இல்ல இருக்கு!"

"அதுக்கு ஆதரவு தர்றோம்மா."

"ஆதரவை வேற யாரு வீட்டுலயாவது வச்சுக் குடுங்களேன்! அடுப்புக்கும் எனக்கும் நடுவுல தூண் நின்னா, நான் அப்பத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கணுமா?"

தூண் எழும்பியது. அம்மாள் ஒரு வாரம் திட்டினாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "ஆயர் உன் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தாராமே! எங்க அடுக்களைக்கு என்ன குறைச்சல்?" என்று வயிறெரிந்து போன பிறகு, அம்மாள் திட்டுவதை நிறுத்தித் தூணுக்குச் சுண்ணாம்பு பூசினாள். சில நாளில், "எங்க வீட்டுத் தூண்" என்றுதான் பேச்சு.

இரண்டு பக்கமும் வரிசையாக முட்டுகள் பறந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. குய்பேர் வழக்கம்போலச் சுவரைத் தட்டப் போனார். அது தட்டின இடத்தில் இல்லை. உள்ளே சாய்ந்திருந்தது.

"சாஞ்சிருச்சு, பெரிய சாமி!" என்று மூச்சிரைக்க ஓடினார்.

"பார்த்தீரா!" ஆயர் பூரித்துப் போனார். "எவ்வளவு பலவீனமான சுவர்! நல்ல வேளை, முட்டுக் குடுத்தோம்."

உள்ளே சாய்கிற சுவரை வெளியே தள்ள, கோயிலுக்குள் மர முட்டுகள் நிறுத்தப்பட்டன. முதலில் ஓரத்தில். பிறகு நடுவில். பிறகு ஜனங்கள் நிற்கிற இடத்தில். ஒரு கல்யாணத்தில் பொண்ணு ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை இந்தப் பக்கம். அவன் கையை விட்டுத் துழாவி மோதிரத்தைப் போட்டான். அது மாமியாரின் விரலில் ஏறி, இறங்க மறுத்துவிட்டது. குய்பேர் மந்திரத்தை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் ஆசீர்வதித்தார்.

வெளியிலிருந்து கல் உள்ளே தள்ள, உள்ளிருந்து மரம் வெளியே தள்ள, நடுவில் மாட்டிய சுவர் உதிர ஆரம்பித்தது. ரெனியே தாடையைத் தடவினார்.

"முட்டு ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. நடுவுல இந்தச் சுவர்தான் இடைஞ்சல். எடுத்துட்டா ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டு நிம்மதியா நிக்கும்."

"சுவரைத் தாங்கத்தானே முட்டு?" என்றார் குய்பேர்.

"அது ஆரம்பத்துல, சாமி. இப்போ எவ்வளவோ முன்னேறிட்டோம்."

"அப்போ கூரை எது மேல உக்காரும்?"

ஆயர் கனிவோடு சிரித்தார். "குய்பேர், கூரை மறைச்சா உள்ளேயிருந்து முட்டுகளை எப்படிப் பார்க்கிறது?"

குய்பேருக்குப் பதில் வாய்வரை வந்தது. சுற்றிலும் பார்த்தார். கைகள் எழும்பிக்கொண்டிருந்தன. இவரும் தூக்கினார்.

சுவரும் கூரையும் இறங்கின. தேவதூதர் மிக்கேல் சம்மனசின் திருநாளன்று புதுக் கோயில் மந்திரித்துத் திறக்கப்பட்டது. நகரமே திரண்டிருந்தது. பிரசங்கம் பாதியில் இருந்தபோது மழை பிடித்தது. சாரல் இல்லை, கொட்டித் தீர்க்கிற மழை. ஆயரின் கிரீடத்திலிருந்து ஓடை இறங்கியது. பாடகர்கள் வாயைத் திறந்தால் குடித்தார்கள், மூடினால் பாட்டு நின்றது. ஒருவரும் நகரவில்லை. குய்பேர் மட்டும் மெல்லப் பின்வாங்கி ஒரு கல்வளைவின் அடியில் ஒதுங்கினார். கூரை எங்கே என்று யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று அவர் மனது துடித்தது. பெரோனெல் அம்மாள் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றாள். அவள் கேட்பாள், அவளுக்கு வாய் நீளம்.

"அம்மா," என்றார் காதோரமாக, "நனையுதோ?"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோயிலுக்குள்ள எப்படி சாமி நனையும்?"

மறுநாள் நகரம் முழுக்கத் தும்மியது. அதற்கடுத்த நாள், தும்மாதவர்கள் திருநாள் பூசைக்கு வராத நாஸ்திகர்கள் என்று பேச்சு எழுந்தது. படுத்த படுக்கையாக இருந்த கிழவர்கள்கூட ஜன்னல் பக்கம் திரும்பித் தும்மினார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் மூன்று சுருதியில் தும்மப் பழகினார்கள். சார்பீயிலிருந்து தும்மல் கற்றுக்கொள்ள ஒரு தூதுக்குழு வருவதாகவும் தகவல்.

சபை கூடியது. நனையாத குய்பேரின் மூக்கைத் தவிர எல்லா மூக்கும் சிவந்திருந்தது. ஆயர் கைக்குட்டைக்கு மேலாகக் குய்பேரைப் பார்த்தார்.

"குய்பேர், உம்ம சத்தத்தையே காணோமே?"

குய்பேர் சாமியார் எழுந்து நின்றார். அங்கியின் கைக்குள் தயாராக வைத்திருந்த மிளகுத்தூளைப் பக்தியோடு ஓர் இழுப்பு இழுத்தார்.

சபைக்குறிப்பில் அந்தத் தும்மல் ஏகமனதாகச் சேர்க்கப்பட்டது.